கடல் பக்கத்துக் கதவு

ஜனவரி 15, புதன். கப்பலில்.

எஸ்தர் டீச்சர், முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஆடுகிறது. கப்பல் ஆடாவிட்டாலும் என் எழுத்து இப்படித்தான் இருக்கும், அது உங்களுக்குத் தெரியும். கோடு போட்ட நோட்டுதான் கொடுத்தீர்கள். என் எழுத்து கோட்டில் உட்காராமல் இறங்கி இறங்கிப் போகிறது. ஐம்பது வருடம் விறகை மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போட்ட கை. பேனாவையும் கடப்பாரை மாதிரியே பிடிக்கிறது. ஒரு வரி எழுதிவிட்டு விரலை நீவிக்கொள்கிறேன்.

அன்றன்று பார்த்ததை எழுதுங்கள், திரும்பி வந்ததும் படித்துப் பார்க்கிறேன் என்று சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் காத்தமுத்து. இது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசை. காத்தமுத்து. அடுத்து நான் கற்றுக்கொண்ட சொல் என் மனைவியின் பெயர், ராக்கம்மா. ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தேனே, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று வகுப்புக்கே தூக்கிக் காட்டினீர்களே. அவள் இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

மகள் பஞ்சவர்ணம் தீவில் இருக்கிறாள். கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு நான் அங்கே போனதே இல்லை. இப்போது பேத்தி சங்கவிக்கு மாசியில் கல்யாணம். அதற்குத்தான் போகிறேன்.

கப்பலில் ‘ஆண்கள்’ என்று எழுதியிருந்த கதவை நானே படித்துத் திறந்தேன். இத்தனை வயது வரைக்கும் யாராவது மீசைக்காரர் போகட்டும் என்று காத்திருந்து பின்னாலேயே போய்க்கொண்டிருந்தவன் நான்.

ஜனவரி 16, வியாழன்.

வாந்தி. எழுத முடியவில்லை.

ஜனவரி 20, திங்கள். சங்குத்துறை.

பெரிய கப்பலிலிருந்து சின்னக் கப்பல் மாறி இன்று காலை வந்து சேர்ந்தேன். தீவே சின்னது. ஊர் அதன் ஒரு ஓரம்தான். ஆனால் புத்தம் புது ஊர். பழைய ஊரைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர், நடுவில் பட்டுப்போன தென்னைகள் தலையில்லாமல் நிற்கின்றன. அதற்கு மேலே, மேட்டில், எல்லா வீடும் ஒரே அளவில், ஒரே தகரக் கூரையோடு வரிசையாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இறங்கியதுமே ஒரு பெரிய பலகை. இந்தியில், இங்கிலீஷில், கடைசியில் தமிழில். கடைசியில் இருந்தாலும் என் எழுத்து என் எழுத்துதான். சத்தமாகப் படித்தேன். “கடல் பின்வாங்கினால் நின்று பார்க்காதீர். மேட்டுக்கு ஓடுங்கள்.” ஒரு எழுத்து விடவில்லை. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மருமகன் சோணைமுத்து வந்திருந்தார். கொத்தனார். இந்த ஊரின் பாதிச் சுவர் அவர் கையால் எழும்பியது. முடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. “மாமா, நீங்க காலாற நடங்க. நான் பெட்டிய ஆட்டோவுல ஏத்திட்டு மேல் ரோட்டு வழியா வாறேன்” என்றார்.

நான் கடல் பக்கத்து ரோட்டில் நடந்தேன். ஒரு விளக்குக் கம்பத்தில் நீலக் கோடு, அதன் மேல் ‘இதுவரை நீர்’ என்று எழுத்து. எட்டித் தொடப் பார்த்தேன். கை எட்டவில்லை. படிக்க மட்டும் எட்டியது. அது ஒரு சந்தோஷம்.

வீடுகளைப் பார்த்தால் விசித்திரமாக இருந்தது. கடலைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் அழகான படிக்கட்டு. படி ஏறினால் கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர். நிலையும் தலைவாசலும் அப்படியே இருக்கின்றன, நடுவில் செங்கல் வைத்துப் பூசியிருக்கிறது. முதல் வீட்டில் ஏறித் தட்டிவிட்டேன். சுவரைத் தட்டிய வலி. பக்கத்து ஜன்னலில் ஒரு அம்மாள், “தாத்தா, அந்தப் பக்கம் யாரு வருவா? பின்னாடி வாங்க” என்றாள். மகள் வீட்டைக் கேட்டேன், “கடைசி வரிசை, பச்சைக் கதவு” என்றாள். கட்டிக் கொடுத்தவர்கள் கடல் காற்று வரட்டும் என்று வாசலைக் கடல் பக்கம் வைத்தார்களாம். குடிவந்த வாரமே ஒவ்வொரு வீடாக அடைத்துவிட்டு, மலைப் பக்கம் சுவரை உடைத்து வாசல் வைத்துக்கொண்டார்களாம்.

கடைசி வரிசையில் ஒரே ஒரு வீட்டில் கடல் பக்கம் கதவு இருந்தது. பச்சைக் கதவு. திறந்தே கிடந்தது. நான் ஏறி உள்ளே போனேன்.

பஞ்சவர்ணம் அடுப்படியிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். “அப்பா” என்றாள். பிறகு, “இந்த வழியாவா வந்தீக?” என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். படிக்கட்டில் வேறு யாரும் இல்லை. அப்புறம்தான் என் கையைப் பிடித்தாள்.

மீன் குழம்பு நன்றாக இருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்.

காலையில் சோணைமுத்து என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஊர் காட்டத்தான் என்று நினைத்தேன். பாதி கட்டிய ஒரு மதில் மேல் உட்காரவைத்து, “மாமா, உங்கள வரச்சொன்னது கல்யாணத்துக்கு மட்டுமில்ல” என்றார்.

அவர் சொன்னதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் சுனாமியில் போனவர்களில் பாதிப் பேருக்கு உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு அவர்கள் துணி ஒன்றைப் புதைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. மலைச் சரிவில் அதற்கென்று ஒரு இடம், துணிமேடு என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைதான் புதைப்பார்கள். கடல் வந்தது ஞாயிறு. புதைத்த இடத்தில் சின்னதாகச் சிமெண்டுப் பலகை, அதில் பெயர். துணியைப் புதைத்த பிறகு கடல் பக்கத்து வாசலை அடைத்துவிட வேண்டும். அடைத்தால்தான் போனவர்கள் போனதாகக் கணக்கு.

பஞ்சவர்ணத்தின் மூத்த மகள் போனதும் அப்படித்தான். ஆறு வயது. என் மனைவி பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ராக்கம்மா. நான் அவளைப் பார்த்ததில்லை. போன பிறகு பார்க்க ஒரு போட்டோவும் மிஞ்சவில்லை.

எல்லாரும் துணியைப் புதைத்துவிட்டார்கள். பஞ்சவர்ணம் மட்டும் புதைக்கவில்லை. கதவையும் அடைக்க விடவில்லை.

“மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாக மாமா. துணி வெளிய இருக்க வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு. மாசிக்குள்ள முடிச்சாத்தான் கல்யாணம். ஊருல உள்ள அம்புட்டு கதவையும் நான்தான் அடைச்சேன். யாருகிட்டயும் கூலி கூட வாங்காம அடைச்சேன். என் வீட்டுக் கதவுகிட்ட போனா செங்கலத் தூக்க வரல. நீங்க பெத்தவுக. நீங்க சொன்னா கேப்பா.”

சரி, பேசுகிறேன் என்றேன்.

திரும்பும்போது ஒரு சுவரில் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று படித்தேன்.

ஜனவரி 22, புதன்.

பேசலாம் என்று இருந்தேன். தேங்காய் உரிக்க வேண்டியிருந்தது. பஞ்சவர்ணம் கொப்பரை காயப்போடுகிறாள். நாள் முழுக்க உரித்தேன்.

ஜனவரி 23, வியாழன்.

இன்றும் தேங்காய்.

ஜனவரி 24, வெள்ளி.

மாப்பிள்ளையின் அம்மா பவளக்கொடி இறங்குதுறையில் டீக்கடை வைத்திருக்கிறார். உரத்த குரல். என்னைப் பார்த்ததும், “வாங்க பெரியவரே, நீங்கதான் ஊருல ஒரு பலகை விடாமப் படிக்கிறவகளா? என் கடைப் பலகையையும் படிங்க. எனக்கே அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாது” என்றார்.

படித்தேன். “பவளக்கொடி டீ ஸ்டால். இங்கே எச்சில் துப்பாதீர்.”

“என்னது?”

மறுபடி படித்தேன்.

“அடப்பாவி! ‘வாங்க, உக்காருங்க’ன்னு எழுதச் சொன்னேனே! எட்டு வருசமா என் தலைக்கு மேல துப்பாதீர்னு தொங்குதா? அதான் ஒரு பய உக்கார மாட்டேங்கிறானா!” கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். டீச்சர், இந்த ஊருக்கு வந்து அப்போதுதான் சிரித்தேன்.

கூட்டம் குறைந்ததும் கல்லாவைப் பூட்டிவிட்டு, “எங்கூட வாங்க. இன்னொண்ணு படிக்கணும்” என்றார். துணிமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். வரிசையாகச் சின்னச் சின்னச் சிமெண்டுப் பலகைகள், கறுப்புப் பெயிண்டில் பெயர்கள். பவளக்கொடிக்கு அங்கே மூன்று. கணவர், இரண்டு மகன்கள். மாப்பிள்ளை துரைப்பாண்டி அப்போது கைக்குழந்தை, இவர் இடுப்பில் இருந்ததால் பிழைத்தான்.

நடுப் பலகையைத் தொட்டு, “இது பெரியவன் மகேந்திரன். அவன் டவுசரத்தான் இங்க வச்சேன். அவனுக்கு இனிப்புன்னா ஆகாது, முறுக்குதான்” என்றார். ஒரு முறுக்கை அங்கே வைத்தார். “இது சின்னவன் சுரேந்தர். சட்டை. இவனுக்குக் கடலை மிட்டாய்.” அதை ஓரத்துப் பலகையில் வைத்தார். “பலகை பின்னாடி வந்து நட்டாக. பெயிண்டர்தான் பேரு எழுதினான். கடைப் பலகையில அப்படி எழுதிட்டான்ல, அதான் கேக்குறேன். சரியா எழுதியிருக்கானா, பாத்துச் சொல்லுங்க.”

நான் குனிந்து படித்தேன். நடுவில் சுரேந்தர் என்று இருந்தது. ஓரத்தில் மகேந்திரன்.

மறுபடியும் படித்தேன். டீச்சர், எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன்.

“சரியாத்தான் எழுதியிருக்கு” என்றேன்.

“அப்பாடா” என்று புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

துரைப்பாண்டி பத்தாவது படித்தவன். ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வந்துபோகிறவர்கள்தான். இத்தனை வருடத்தில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

இறங்கி வரும்போது பவளக்கொடி கல்யாணப் பேச்சை எடுத்தார். “உங்க மக மேல எனக்குக் கோவமில்ல பெரியவரே. ஆனா என் துணி மூணும் மண்ணுக்குள்ள இருக்கு. ஒவ்வொண்ணா மடிச்சு நானே வச்சேன். உங்க வீட்டுல ஒண்ணு பெட்டிக்குள்ள இருக்கு. அந்தப் புள்ள போகவும் இல்ல, வரவும் இல்ல, வாசல்லயே நிக்குது. அது நிக்கிற வாசல்ல என் மகன் மாலையோட எப்படி ஏறுவான்? இருக்கது எனக்கு ஒருத்தன்.”

பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 28, செவ்வாய்.

பஞ்சவர்ணத்திடம் பேசினேன். கொப்பரை விலையைப் பற்றி.

பிப்ரவரி 1, சனி.

மாதத்தின் முதல் சனிக்கிழமை சுனாமி எச்சரிக்கைச் சங்கை ஊதிப் பார்ப்பார்களாம். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பத்து மணிக்கு மலை மேலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம். வெளியே ஓடினேன். ஊரே மலைப் பக்கத்து ரோட்டில் நின்றது. சோதனைதான், எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் விடாமல் வெளியே வந்து நிற்கிறார்கள். குழம்புக் கரண்டியோடு ஒரு பெண், பாதிச் சவரத்தில் ஒருவர். சத்தம் நிற்கும் வரை நின்றுவிட்டு உள்ளே போனார்கள்.

பஞ்சவர்ணத்தைக் காணோம். உள்ளே தேடிப் போனேன். அவள் கடல் பக்கத்துக் கதவில் நின்றாள். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வெளியே நீட்டி, விரல்களை விரித்து வைத்திருந்தாள். சத்தம் நின்ற பிறகும் அந்தக் கையை உடனே மடக்கவில்லை.

நான் படியில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். அவளாகவே சொன்னாள்.

“பூமி ஆடுச்சுப்பா. எல்லாரும் ஓடுனோம். வீட்டுக்குள்ள அரிசிப் பானைக்குள்ள என் தோடு கெடந்துச்சு. கதவுகிட்டயே நில்லு ராக்கு, அம்மா எடுத்துட்டு வந்துர்றேன்னு சொன்னேன். உள்ள போனேன். வெளிய வரையில தண்ணிதான் இருந்துச்சு.”

படியில் கிடந்த மணலைக் கையால் தள்ளிவிட்டு, “அவ சொன்ன சொல்லைத் தட்ட மாட்டா. நிக்கச் சொன்னா நிப்பா” என்றாள்.

“இது வேற வீடும்மா. அந்த வீடு தண்ணிக்குள்ள இருக்கு” என்றேன்.

“தெரியும்ப்பா. எனக்கு என்ன பைத்தியமா? ஆனா கதவுன்னுதான சொன்னேன்? எந்தக் கதவுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

அவள் காதில் தோடு இல்லை. வந்த அன்றே பார்த்தேன். எழுத மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்.

இன்று வீட்டில் சண்டை.

சங்கவிக்குக் கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் அளவெடுக்க ஒரு அம்மாள் வந்தார். பஞ்சவர்ணம் நூல் எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். மேலே ஒரு மஞ்சள் கவுன் இருந்தது. அதை நகர்த்தாமல் பக்கவாட்டில் கைவிட்டுத் துழாவினாள். சங்கவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாள் போனதும் வெடித்துவிட்டாள்.

“அதை எடுத்து வெளிய வச்சுட்டுத் தேடுனா என்னம்மா? அது கடிக்குமா?”

“சத்தம் போடாத.”

“நான் பொறந்ததுல இருந்து இந்த வீட்டுல சத்தம் போடாமத்தான் இருக்கேன்! பொங்கலுக்குப் பொங்கல் அதைத் துவைச்சு, நிழல்ல காயப்போட்டு, மடிச்சு வைக்கிற. எனக்கு என்னைக்காச்சும் ஒரு கவுன் அப்படி மடிச்சியா? வாசல்ல அவ நிக்கிறா, நிக்கிறாங்கிறியே, நான் பத்தொம்பது வருசமா வீட்டுக்குள்ளயே நிக்கிறேனே, என்னப் பாத்தியா? அந்த வாசல்ல நீ உக்காந்திருக்க முதுகத்தான நான் பாத்து வளந்தேன்!”

பஞ்சவர்ணம் பெட்டியை மூடினாள். சோணைமுத்து எழுந்து வெளியே போய்விட்டார்.

“தாத்தா, நீங்களாச்சும் சொல்லுங்க” என்றாள் சங்கவி. நான், “அம்மா பாவம்டா” என்றேன். “ஆமா, எல்லாரும் அம்மாதான் பாவம்” என்று மலைப் பக்கத்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் பஞ்சவர்ணம் அந்தக் கவுனை எடுத்து என் மடியில் வைத்தாள். அது ராக்கம்மா போட்ட துணி இல்லையாம். பொங்கலுக்கென்று தைக்கக் கொடுத்தது. தையல்காரர் வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. அவளுடைய துணி எல்லாம் போய், அவள் போடாதது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

“அளவு எடுக்கையில சிரிச்சுக்கிட்டே இருந்தாப்பா. கூச்சம். ரெண்டு தடவை எடுத்தாரு. அப்பயும் கொஞ்சம் பெருசாத் தைக்கச் சொன்னேன். வளர்ற புள்ள.”

நான் அதைத் தோள் பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். என் கைக்குக் கீழே விளிம்பு முழங்கால் வரை தொங்கியது. இவ்வளவு உயரம் இருந்திருப்பாள். கொஞ்சம் பெரிதாகத் தைத்தது என்றால் இதைவிடவும் குறைவு. எனக்கு என் பேத்தியைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். விளிம்பில் வெள்ளை நூலில் வாத்து போட்டிருந்தது.

இதில் எழுத்து எதுவும் இல்லை. படிக்க ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்.

காலையில் சங்கவிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே பஞ்சவர்ணம், “ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம்” என்றாள். பின்னி முடித்து ரிப்பன் கட்டினாள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ரிப்பன். சங்கவி அதை அவிழ்க்கவில்லை.

அப்புறம் என்னிடம் வந்து, “பேரை நீங்க எழுதுங்கப்பா. பெயிண்டர் வேணாம். அவன் எழுதுனா கடைப் பலகை மாதிரி இருக்கும்” என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்தான். என்னிடம் ஒருவர் எழுதித் தரக் கேட்டது இதுவே முதல் முறை.

பிப்ரவரி 6, வியாழன்.

ராக்கம்மா ராக்கம்மா ராக்கம்மா ராக்கம்மா ராக்கம்மா ராக்கம்மா

பாருங்கள் டீச்சர், இந்த வரி மட்டும் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு.

காலையிலேயே போனோம். பஞ்சவர்ணம், சோணைமுத்து, சங்கவி, நான். பவளக்கொடி முன்னாலேயே வந்து புல் செதுக்கி வைத்திருந்தார். தன்னுடைய மூன்று பலகைகளுக்கு எதிரிலேயே இடம் பார்த்திருந்தார்.

சோணைமுத்து குழி வெட்டினார். ஒரு கவுனுக்குப் பெரிய குழி வேண்டாம். ஆனால் வெட்டிக்கொண்டே இருந்தார். பவளக்கொடிதான், “போதும்ப்பா” என்று மண்வெட்டியைப் பிடித்தார்.

பஞ்சவர்ணம் கவுனைக் கொண்டுவந்த பையிலிருந்து எடுத்தாள். உதறினாள். கைகளை உள்பக்கமாக மடித்து, நான்காக மடித்தாள். மடிப்பு சரியில்லை என்று மறுபடி பிரித்து மடித்தாள். “நனைஞ்சிருமே” என்றாள். பவளக்கொடி தன் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பை எடுத்தார். “நானும் பைக்குள்ளதான் வச்சேன். யாருகிட்டயும் சொன்னதில்ல” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து பையின் வாயைக் கட்டினார்கள். குழிக்குள் வைத்ததும் பஞ்சவர்ணமே முதல் மண்ணைத் தள்ளினாள். அழவில்லை.

சோணைமுத்து மேலே சட்டம் வைத்துச் சிமெண்டுக் கலவை ஊற்றி, கரண்டியால் இழைத்தார். கண்ணாடி மாதிரி இழைத்தார். “எழுதுங்க மாமா” என்று ஒரு ஆணியைக் கொடுத்தார்.

நான் மண்டிபோட்டு உட்கார்ந்து எழுதினேன். ரா. க். க. ம். மா. ஈரச் சிமெண்டு பேனாவைவிட நன்றாக இழுத்துக் கொடுத்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். சங்கவி வாய்விட்டு, “ராக்கம்மா” என்று படித்தாள். அந்த வீட்டில் அந்தப் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

பஞ்சவர்ணம் குனிந்து உள்ளங்கையை அந்தப் பெயர் மேல் வைத்தாள். தொட்டுப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஒரு தடவை வழித்தாள். பெயர் போய்விட்டது.

சோணைமுத்து அவள் கையைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, கரண்டியை எடுத்து மறுபடி இழைத்தார். “இன்னொருக்க எழுதுங்க மாமா.”

எழுதினேன். மெதுவாகத்தான் எழுதினேன். மா போட்டு முடிக்கும் முன்பே அவள் கை வந்துவிட்டது.

மூன்றாவது தடவை நான் ஆணியை எடுத்தபோது என் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டாள். “துணி போச்சுல்லப்பா. அதான் குடுத்துட்டேன்ல” என்றாள்.

சங்கவி தன் மாமியாராகப் போகிறவரைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பவளக்கொடி எதிரே இருந்த தன் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்குத் துணிதான் கணக்கு. அது உள்ள போச்சு. கல்யாணத்த வைங்க. பேரு நின்னு நிதானமா வரட்டும். எனக்கென்ன, எழுதுனாலும் படிக்கவா தெரியும்?”

பஞ்சவர்ணம் அவர் தோளில் சாய்ந்து அப்போதுதான் அழுதாள். சிமெண்டு பட்ட கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

இறங்கும்போது சோணைமுத்து அந்த வெற்றுப் பலகை மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு வந்தார்.

தப்பு என்னுடையதுதான் டீச்சர். ஆணி புதிது, கைக்கு வாகாக இல்லை. எழுத்து சரியாக விழவில்லை. அதனால்தான் அழித்தாள்.

பிப்ரவரி 10, திங்கள்.

இன்று கதவை அடைத்தார்கள்.

சோணைமுத்து கலவை குழைத்தார். செங்கலை யார் எடுத்துக் கொடுப்பது என்று நின்றுகொண்டிருந்தார். பஞ்சவர்ணம் வந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தண்ணீரில் நனைத்துக் கொடுத்தாள். இடுப்பு உயரம் வந்தபோது நிறுத்தி, வெளியே எட்டிப் பார்த்து, “உள்ள வந்துரு” என்று சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருக்கிறவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சொன்னாள். கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு அடுத்த செங்கலை எடுத்தாள்.

சங்கவி வந்து அவளோடு சேர்ந்து செங்கல் நனைத்தாள்.

பூச்சு முடிந்தது. பச்சைக் கதவைக் கழற்றித் தேங்காய் காயப்போடக் கூரை மேல் வைத்திருக்கிறார்கள்.

வீடு இருட்டாகிவிட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் வெளிச்சம் வந்திருக்கிறது. இத்தனை நாள் அதன் எதிரில் உட்கார்ந்து எழுதியதால் எனக்குத் தெரியவில்லை. இப்போது பகலிலேயே லைட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். என் நிழலே நோட்டின் மேல் விழுகிறது. இந்தப் பக்கத்தில் எழுத்து இன்னும் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

சாப்பிடும்போது பஞ்சவர்ணம் ஐந்து தட்டு வைத்தாள். நாங்கள் நான்கு பேர். யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்ததும் ஊருக்குத் திரும்புவதாக இருந்தேன். கப்பல் பின்னாலும் வரும். சோணைமுத்து புதிய சிமெண்டு மூட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அந்த ஆணியை நான் என் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் எழுதுவேன்.